வெயில் சொன்ன பொய்ச்சாட்சி

நீலாவின் அலறல் தேயிலைச் சரிவில் இறங்கி, எதிர் மேட்டில் மோதி, திரும்பி வந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அப்போதுதான் காரை நிறுத்தியிருந்தான் யுகேந்திரன். கொல்லைப்புறம் ஓடினான்.

ஓடியவன் முதலில் பார்த்தது மனைவியை அல்ல. கம்பத்தை!

கம்பம் நின்றது. அதன் உச்சியில் காற்றை அளக்கும் கிண்ணங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மழைமானி, வெப்பமானி, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் சென்சார்... எல்லாம் அதனதன் இடத்தில். யுகேந்திரனுக்கு மூச்சு வந்தது.

அதற்கப்புறம்தான் கம்பத்தின் அடியில் கிடந்த மனிதரைப் பார்த்தான். வந்த மூச்சு மறுபடி நின்றது.

கிராணி சாம்பசிவம்!

அடுத்த வீட்டுக்காரர். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மல்லாந்து கிடந்தார். நெற்றியோரம் ரத்தம். சுற்றிலும் காய்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. ஒரு கூடையின் மூலையிலும் ரத்தம். கொஞ்சம் தள்ளி ஒரு சந்தனக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. கொடியில் காயப்போட்டிருந்த கம்பளிகள் தங்களுக்கு எதுவும் தெரியாது என்பதுபோல் ஆடிக்கொண்டிருந்தன.

நீலா கிளினிக்கில் தாதி. கத்தி முடித்ததும் தாதியாகிவிட்டாள். குனிந்து நாடி பார்த்தாள்.

"உசிரு இருக்கு. ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுங்க. கம்பத்த அப்புறமா பாத்துக்கலாம்."

கவனித்துவிட்டாள்!

* * *

அன்றைக்கு ஆயுத பூஜை. கதைக்கு அது முக்கியம்.

தோட்டத்து ஃபேக்டரியில் இருந்த காலம் முதலே மெஷின்களுக்குப் பொட்டு வைப்பது கிராணியாரின் பொறுப்பு. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தவர்களால் அந்தப் பொறுப்பிலிருந்து மட்டும் அவருக்கு ஓய்வு கொடுக்க முடியவில்லை. ஆயுத பூஜையன்று காலையிலேயே சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பிவிடுவார். புல் வெட்டும் மெஷின், தண்ணீர் மீட்டர், வேலியோரம் நிற்கும் அடுத்தவர் மோட்டார்... கண்ணில் பட்டது எதுவும் தப்பாது. வட்டமாகச் சந்தனம். அதற்குள் குங்குமம். நட்ட நடுவில் ஒரே ஒரு பச்சரிசி. அந்த அரிசி அவருடைய கையெழுத்து மாதிரி.

கம்போங் ராஜாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முகம்மது கனி மட்டும் கல்லாப்பெட்டியைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பார். கிராணியாரும் சிரித்துவிட்டு, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ ஒன்று குடித்துவிட்டுப் போவார்.

சிரிக்காதவன் திவாகர்.

நீலாவின் தம்பி. அக்கா வீட்டில் தங்கி, கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன். தீபாவளி கழிந்து அவனுக்குப் பரிசம் போட நாள் குறித்திருந்தது. போன வருடம் லோரியின் பக்கக் கண்ணாடியில் கிராணியார் வைத்த பொட்டு பின்னால் வந்த பஸ்ஸை மறைத்துவிட, முட்டைக்கோஸோடு கால்வாயில் இறங்கியவன்.

ஆகவே அன்று காலை கனி கடையில், தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டான்.

"கிராணியா, இந்த வருசம் என் லோரி கிட்ட வந்தீங்க... கைய ஒடிச்சிருவேன் லா."

சாயந்தரத்துக்குள் கிராணியார் மண்டை உடைந்து, திவாகரின் கூடைகளுக்கு நடுவில் கிடக்கிறார்!

* * *

கிராணியாரை ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். உயிர் இருந்தது. நினைவுதான் இல்லை.

சார்ஜன் ரூபினியின் தலைமையில் போலீஸ் வந்தது. கூடையை எடுத்துக்கொண்டு, கொடியில் கம்பளிகள் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனது. வந்தவர்கள் எல்லாரும் தரையையே பார்த்தார்கள். அண்ணாந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

யுகேந்திரனுக்கும்தான்! அவன் கம்பத்தைப் பார்ப்பதைவிடக் கம்பம் அனுப்பும் கோடுகளைப் பார்ப்பதே அதிகம்.

கிள்ளானிலிருந்து மாற்றலாகி வந்த இயற்பியல் ஆசிரியன் அவன். மலைக்கு வந்த புதிதில் எல்லாரும் ஸ்ட்ராபெர்ரி நட்டார்கள். இவன் கம்பம் நட்டான். சென்சாரின் தலையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டு. அதன்மேல் விழும் வெயிலைக் கம்பம் அளந்து வீட்டுக்குள் இருக்கும் கணினிக்கு அனுப்பும். தினமும் மாலையில் 'மலை மக்கள்' வாட்ஸ்அப் குழுவில் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் வெயில் அடித்தது என்று அறிக்கை போடுவான். குழுவில் ஊரே இருந்தது. அறிக்கைக்கு லைக் போட ஒரு ஆள் இல்லை.

அந்த வாரம் முழுக்க அவன் போட்ட அறிக்கை ஒன்றே. வெயில் படுத்துவிட்டது; பருவமழை இந்த ஆண்டு முன்கூட்டியே வந்துவிட்டது.

அதற்கு அதிசயமாக ஒரு பதில் வந்தது. கனி அனுப்பியிருந்தார். "சார், கடை வாசல்ல வெயில் மண்டைய பொளக்குது. நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க?"

மலையில் ஒரு திருப்பத்தில் வெயில் இருக்கும், அடுத்த திருப்பத்தில் மூடுபனி இருக்கும், சொந்த அனுபவத்தை நம்பக் கூடாது, கருவியைத்தான் நம்ப வேண்டும் என்று யுகேந்திரன் நீளமாக விளக்கம் எழுதினான்.

கனி கட்டை விரலைக்கூடக் காட்டவில்லை.

* * *

சார்ஜன் ரூபினி மறுபடி வந்தபோது ஜீப் பின்னோக்கி வந்து நீலாவின் பூந்தொட்டியில் மோதி நின்றது.

"சோரி லா," என்றபடி இறங்கினாள் ரூபினி. "பூஜை அன்னைக்கு கனி அண்ணன் கடையில நிப்பாட்டுனேன். அன்னையிலேருந்து பின்னால உள்ள கேமரா ரிப்பேர். ஸ்கிரீன்ல எல்லாமே மஞ்சளா தெரியுது."

தொட்டியைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு விஷயத்துக்கு வந்தாள். டாக்டர் அறிக்கை வந்துவிட்டது. தலையில் அடி. வலது கை விரல் மூட்டுகளிலும் ஒரு அடி.

"தடுக்க பாத்திருக்காரு. அப்படின்னா அவர யாரோ அடிச்சிருக்காங்க. கூடை திவாகரோடது. வீட்ல இருந்தது திவாகர் மட்டும்தான். காலையில கைய ஒடிப்பேன்னு சொன்னதும் அவர்தான்."

திவாகரின் முகத்தில் ஈயாடவில்லை.

நடந்ததைச் சொன்னான். அன்று கம்பளிகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, மூடுபனி இறங்கினால் உடனே எடுத்து உள்ளே போடு என்று அக்கா உத்தரவு போட்டுவிட்டுப் போயிருந்தாள். மூடுபனி இறங்கவே இல்லை. ஆகவே அவன் கொல்லைப்புறம் போகவே இல்லை. முன்வாசலில் லோரிக்கு அடியில் படுத்து, ரேடியோவை அலறவிட்டு, ப்ரேக் பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா கத்தியபோதுதான் எழுந்து வந்தான்.

"சாயங்காலம் வரைக்கும் நல்ல வெயிலு புவான். சத்தியமா," என்றான் மலாய் மரியாதையோடு.

ரூபினி யோசித்தாள். "வெயில் அடிச்சிச்சின்னு யாரு சாட்சி?"

இந்த இடத்தில் யுகேந்திரன் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

அவன் மூடவில்லை!

"சாட்சி இருக்கு," என்று எழுந்தான். முகத்தில் ஒரு பிரகாசம். இத்தனை நாள் ஒருவரும் சீந்தாத அறிக்கைக்கு இன்று போலீஸ் இலாகாவே காத்திருக்கிறது! "என் சென்சார் பொய் சொல்லாது. மச்சானக் காப்பாத்தப் போறதே அதுதான்."

கணினியைத் திறந்தான். ஆயுத பூஜை நாளின் கோட்டைக் கொண்டுவந்தான்.

காலையில் கோடு ஏறியது. உச்சிப் பொழுது வரை அழகாக ஏறியது.

அப்புறம்... செங்குத்தாக விழுந்தது!

மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய், சாயந்தரம் வரை எழுந்திருக்கவே இல்லை.

திவாகர்தான் முதலில் வாய் திறந்தான்.

"மாமா... நீங்க என் பக்கமா, அவங்க பக்கமா?"

ரூபினி திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

"மத்தியானமே மூடுபனி இறங்கியிருக்கு. இறங்குனா கம்பளிய எடுக்க நீங்க பின்னால போயிருக்கணும். போயிருக்கீங்க. அங்க கிராணி ஐயா நின்னிருக்காரு. வாய்த் தகராறு, கைத்தகராறு ஆயிடுச்சி. அதனாலதான் கம்பளிய எடுக்கவும் இல்ல, பின்னால போனதையும் மறைக்கிறீங்க."

"கம்பளி மொறுமொறுன்னு காஞ்சிருந்திச்சே," என்று நீலா குறுக்கே விழுந்தாள். "மூடுபனியில எப்படிங்க காயும்?"

"காத்துலயும் காயும்க்கா. மெஷின் இவ்ளோ தெளிவா சொல்லுது பாருங்க."

திவாகர் ஜீப்பில் ஏற்றப்பட்டான். கிராணியார் பிழைத்தால் அடிதடி வழக்கு. பிழைக்காவிட்டால்... கொலை! பரிசத்துக்குக் குறித்த நாளில் மாப்பிள்ளை எங்கே இருப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜீப் மறைந்ததும் நீலா உள்ளே வந்தாள். கத்தவில்லை. யுகேந்திரன் கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தான். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"என் தம்பிய வெளிய கொண்டாங்க," என்றாள் மெல்ல. "இல்லன்னா அந்தக் கம்பத்துக்கே சமைச்சிப் போடச் சொல்லுங்க."

* * *

மறுநாள் காலை யுகேந்திரன் பள்ளிக்கு விடுப்பு எடுத்தான். தனக்குத்தானே கோப்பி கலந்தான். சகிக்கவில்லை. குடித்தபடியே அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எத்தனை தடவை பார்த்தாலும் திவாகரைத்தான் காட்டிக்கொடுத்தது. மனசு என்னவோ போல இருந்தது. மச்சான் சோம்பேறி. வாய் நீளம். ஆனால் ஒரு கிழவரைக் கூடையால் அடிக்கிறவன் இல்லை. கருவியா, மச்சானா? யோசிக்கவே கூசியது. ஏனென்றால் ஆரம்பத்திலிருந்தே அவன் கருவியின் பக்கம்தான் நின்றிருந்தான்.

கொஞ்சம் வெட்கத்தோடு, வாட்ஸ்அப்பில் கனி போட்ட கேள்வியை மறுபடி படித்தான்.

பருவமழை வந்துவிட்டது என்று எழுதினோமே... மழை எங்கே?

மழைமானியின் பதிவைத் திறந்தான். அந்த வாரம் முழுக்க ஒரு சொட்டு இல்லை!

வெப்பமானியைப் பார்த்தான். ஆயுத பூஜையன்று கோடு விழுந்த பிறகும் சூடு ஏறிக்கொண்டே போயிருந்தது. மூடுபனி இறங்கினால் உடனே குளிருமே!

யுகேந்திரன் கோப்பியை வைத்தான்.

மேகம் வந்தால் கோடு இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும். பனி வந்தால் சாய்வாகப் போகும். இதுவோ சுவர் மாதிரி விழுந்திருக்கிறது. யாரோ ஜன்னலைச் சாத்திய மாதிரி. அதற்கடுத்த நாட்களிலும் வெயிலின் கோடு அதே வடிவத்தில்தான் எழுந்து இறங்கியது. உயரம் மட்டும் குறைச்சல்.

கெட்டுப்போனது வானம் இல்லை.

சென்சார்!

கொல்லைப்புறம் ஓடினான். கம்பம் அவனைவிட உயரம். ஏணி இல்லை. திவாகரின் காய்கறிக் கூடைகள் இருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். ஏறினான்.

அந்த நேரம் பார்த்து ஜீப் மறுபடி வந்து, மிச்சமிருந்த தொட்டியையும் இடித்து நின்றது. கம்பளிகளையும் சாட்சிப் பொருளாக எடுத்துப்போக வந்திருந்த ரூபினி, கூடை மேல் ஆடிக்கொண்டிருந்த இயற்பியல் ஆசிரியனைப் பார்த்துத் திகைத்தாள். நீலா, சமையலையே நிறுத்திவிட்ட கோபத்தோடு கதவருகே நின்றாள்.

"என்னங்க பண்றீங்க அங்க?" என்றாள்.

யுகேந்திரன் எட்டி, சென்சாரின் தலையைப் பார்த்தான்.

வெள்ளை வட்டைக் காணோம்.

அந்த இடத்தில் வட்டமாகக் காய்ந்த சந்தனம். அதற்குள் குங்குமம். நட்ட நடுவில்...

ஒரே ஒரு பச்சரிசி!

"பொட்டு!" என்றான். "சூரியனோட கண்ணுலயே பொட்ட வச்சிட்டாரு!"

சொன்ன வேகத்தில் அடிக்கூடை நழுவியது. மேல்கூடை அதைத் தொடர்ந்தது. யுகேந்திரன் இரண்டையும் தொடர்ந்தான்.

கொடியில் தொங்கிய கம்பளி ஒன்று அவனோடு சேர்ந்து இறங்கித் தலைக்கு அடியில் போய்ச் சேர்ந்ததால் மண்டை தப்பியது. விழுந்து கிடந்த இடம்? கிராணியார் கிடந்த அதே இடம். சுற்றிலும் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. அதே மாதிரி!

ரூபினி அவனைப் பார்த்தாள். கூடைகளைப் பார்த்தாள். முதல் தடவையாக அண்ணாந்து கம்பத்தைப் பார்த்தாள்.

யுகேந்திரன் படுத்த வாக்கிலேயே விளக்கினான். வருடா வருடம் ஆயுத பூஜைக்குக் கிராணியார் வந்து கேட்பார், தம்பி, அந்தக் கம்பத்துக்கு மட்டும் ஒரே ஒரு பொட்டு என்று. அது நுட்பமான கருவி, விரல் படக் கூடாது என்று இவன் விரட்டாத குறையாக அனுப்பிவிடுவான். இந்த வருடம் அவர் கேட்கவில்லை. இவன் பள்ளிக்குப் போகும்வரை காத்திருந்து, கூடைகளை அடுக்கி ஏறிவிட்டார். கோடு விழுந்த நேரம்தான் பொட்டு வைத்த நேரம். அவரும் விழுந்த நேரம்.

"அன்னைக்கு மூடுபனியே இல்ல. மச்சான் சொன்னது நெசம். பொய் சொன்னது என் மெஷின்."

கடைசி வாக்கியத்தைச் சொல்வது அவனுக்கு விழுந்ததைவிட அதிகமாக வலித்தது. நீலா வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். அடி பட்டிருக்கிறதா என்று பார்த்தாள். அந்த விரல்களில் கோபம் கொஞ்சம் குறைந்திருந்தது.

"சந்தனத்த வேற யாராச்சும் வச்சிருக்கலாமே," என்றாள் ரூபினி விடாமல்.

"அரிசி புவான், அரிசி. நடுவுல அரிசி வைக்கிறது அவர் மட்டும்தான்."

ரூபினி எதையோ நினைத்துக்கொண்டவள்போல் நடந்து ஜீப்பின் பின்னால் போனாள். கேமராவுக்கு முன்னால் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

வட்டமாகச் சந்தனம். குங்குமம். பச்சரிசி.

"அடக் கடவுளே," என்றாள். "போலீஸ் ஜீப்பயும் விடலயா மனுசன்!"

* * *

அன்று மாலையே திவாகர் வீடு வந்து சேர்ந்தான். ரூபினியே கொண்டுவந்து விட்டாள். கேமராவைத் துடைத்திருந்ததால் எதுவும் உடையவில்லை. இடிக்கத் தொட்டியும் இல்லை.

நீலா வடை சுட்டாள். கனி ஒரு பெரிய ஃபிளாஸ்கில் தே தாரிக் கொண்டுவந்தார். யுகேந்திரன் பஞ்சை நனைத்து, நோயாளிப் பிள்ளைக்கு முகம் துடைப்பதுபோல் சென்சாரின் தலையைத் துடைத்துவிட்டு வந்தான். மச்சானிடம் மன்னிப்புக் கேட்டான். மச்சான் பெருந்தன்மையாக மூன்றாவது வடையை எடுத்துக்கொண்டான்.

ரூபினியின் கைபேசி அடித்தது.

ஈப்போ!

கேட்டுக்கொண்டே இருந்தவளின் முகம் மாறியது. போனை வைத்தாள்.

"கிராணி ஐயா கண் முழிச்சிட்டாரு. வாக்குமூலம் குடுத்துட்டாரு." குரல் தாழ்ந்தது. "தானா விழலயாம். அடி வாங்கித்தான் விழுந்தாராம்."

திவாகரின் வடை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. நீலா தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். யுகேந்திரன் எழுந்தே விட்டான்.

"யாரு அடிச்சாங்களாம்?"

ரூபினியின் கண்கள் மெல்ல மேலே ஏறின. கொல்லைக் கதவு வழியாக... கொடியைத் தாண்டி... கம்பத்தின் உச்சிக்கு!

அங்கே காற்றுக் கிண்ணங்கள் விர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தன.

"பொட்டு வச்சிட்டு கைய எடுக்கிறப்போ குப்புன்னு காத்து வந்திச்சாம். அந்தக் கிண்ணம் சுத்தி வந்து கை மொளியிலேயே படார்னு போட்டிச்சாம். வெடுக்குன்னு கைய இழுத்தாரு, கூடை சரிஞ்சிடுச்சி." ரூபினி பெருமூச்சு விட்டாள். "விரல்ல இருந்த காயம் அதுதான். பொட்டு இன்னும் அழியாம இருக்கான்னும் கேட்டாராம்."

யாருக்கும் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. கனிக்குத் தெரிந்தது. சிரித்துவிட்டார்.

ரூபினி சிரிக்காமல் எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"சார், கேஸ் அடிதடின்னு பதிவாயிடுச்சி. அடிச்சது யாருன்னும் வாக்குமூலம் வந்திடுச்சி. பொய்ச்சாட்சி சொன்னதும் அதே ஆளு. ஃபைல் மூடுற வரைக்கும் நான் கொண்டு போயித்தான் ஆகணும்."

"எத?" என்றான் யுகேந்திரன்.

திவாகர் ரொம்ப உற்சாகமாக ஸ்பேனர் தேடிக் கொடுத்தான்.

கம்பத்தின் தலை கழற்றப்பட்டு, நேற்று திவாகர் உட்கார்ந்து போன அதே இருக்கையில் வைக்கப்பட்டு, பத்திரமாக சீட் பெல்ட்டும் போடப்பட்டது. ஜீப் கிளம்பியது. காற்றுக் கிண்ணங்கள் ஜன்னல் வழியாக யுகேந்திரனுக்குக் கையசைப்பதுபோல் சுற்றிக்கொண்டே போயின.

மொட்டைக் கம்பத்தைப் பார்த்தபடி அவன் அன்றைய அறிக்கையைத் தட்டினான். "இன்று வெயில் விவரம் இல்லை. வானிலை நிலையம் போலீஸ் காவலில் இருக்கிறது."

கைபேசி அதிர ஆரம்பித்தது. ஊரே லைக் போட்டது!

திவாகர் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டான்.

"கவலப்படாதீங்க மாமா. லாக்கப்புல நல்லாத்தான் பாத்துக்குவாங்க. என்ன... சுத்தி முத்தி அம்புட்டு தேயிலைய வச்சிக்கிட்டு, உள்ள குடுக்கிற டீயத்தான் வாயில வைக்க முடியல லா!"